சிதைந்த பழைய நூல்களுக்கென வீட்டிலேயே ஒரு ஸ்கேனர் அமைத்தல்

பழைய நூல் ஒன்றைப் படமாக்கிப் பாதுகாக்க நினைப்பவர்கள் முதலில் நாடுவது, மேசைமேல் வைக்கும் தட்டை ஸ்கேனரைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நூலைக் கவிழ்த்துக் கண்ணாடியில் வைத்து, உள்விளிம்பை ஒட்டிய எழுத்துகளும் படத்தில் விழ வேண்டும் என்பதற்காக அதன் முதுகை உள்ளங்கையால் அழுத்தினேன்; நாற்பதாவது பக்கத்தை எட்டுவதற்குள் முதுகு நீளவாக்கில் பிளந்து, தையல் அறுந்து, நூல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. காப்பாற்றுவதற்காக எடுத்த நூலை நானே உடைத்துவிட்டேன் என்ற வருத்தம் இன்றும் நீங்கவில்லை. அதற்குப் பிறகு அமைத்த கருவியில் பலகை, கண்ணாடி, கேமரா என ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தேன்: என்னிடம் உள்ளவற்றுள் மிகவும் நலிந்த நூல் இதைத் தாங்குமா? நல்ல நிலையில் உள்ள நூலுக்கு எந்தக் கருவியும் போதும் என்பதால், இங்கே சொல்லப்படும் அளவுகளும் எச்சரிக்கைகளும் தொட்டால் பொடியும் நூல்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன.

அத்தகைய நூல்கள் ஏன் அவ்வளவு எளிதில் உடைகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், கருவியின் வடிவம் தானாகவே விளங்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தாள் பெரும்பாலும் பருத்தி, லினன் கந்தல்களிலிருந்து செய்யப்பட்டது. அதன்பின் மரக்கூழ்த் தாள் பரவியது. மை ஊறிப் பரவாமல் இருக்க அதில் பைன் மரப்பிசினையும் அலுமினியம் சல்பேட்டையும் சேர்த்தார்கள். காற்றின் ஈரப்பதத்தோடு சேர்ந்து இந்த அலுமினியம் சல்பேட் அமிலத்தை உண்டாக்குகிறது. அமிலம் செல்லுலோஸ் இழைகளைச் சிறுகச் சிறுகத் துண்டிக்கிறது. முந்நூறு ஆண்டுப் பழைய கந்தல் தாள் வளைந்து கொடுக்கும்போது, நூறாண்டு மட்டுமே ஆன மரக்கூழ்த் தாள் முறிந்து விழுவது இதனால்தான். முறிவு பெரும்பாலும் தாள் வளையும் இடத்தில், அதாவது தையலை ஒட்டிய உள்விளிம்பில் நிகழ்கிறது. ஆகவே நூலை 180 பாகை அளவுக்கு விரித்து அழுத்தும் எந்த முறையும் அதன் மிகப் பலவீனமான இடத்தையே தாக்குகிறது.

இதற்கான விடை நெடுநாளாகப் பழக்கத்தில் இருப்பதுதான். நூலைப் பாதியளவு மட்டும் திறந்து, ஆங்கில எழுத்து வி போன்ற தொட்டிலில் மல்லாக்காக வைத்து, மேலிருந்து கேமராக்களால் படம் எடுப்பார்கள். நூல்களைப் படமாக்கி இணையத்தில் வழங்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பு தன் மையங்களில் பயன்படுத்தும் ஸ்க்ரைப் கருவியில் இரண்டு கேமராக்களும் வி வடிவக் கண்ணாடியும் உண்டு. பணியாளர் காலால் ஒரு மிதியை அழுத்திக் கண்ணாடியை உயர்த்தி, கையால் பக்கத்தைத் திருப்புவார். 2009இல் டேனியல் ரீட்ஸ் என்பவர், சாதாரணக் கேமராக்களையும் கிடைத்த பொருள்களையும் கொண்டு இத்தகைய கருவியைத் தாமே செய்யும் முறையை எல்லோருக்கும் பகிர்ந்தார். இன்று வீடுகளில் செய்யப்படும் பெரும்பாலான நூல் ஸ்கேனர்கள் அந்த வழியில் வந்தவையே. காற்றை உறிஞ்சித் தானாகப் பக்கம் திருப்பும் கருவிகளும் இருக்கின்றன. சிதைந்த நூலை அவற்றின் அருகில்கூடக் கொண்டுபோக வேண்டாம்.

தொட்டில்

தொட்டிலுக்கு 12 மி.மீ. கனமுள்ள பிளைவுட்டில் 30 செ.மீ. அகலமும் 40 செ.மீ. நீளமும் கொண்ட இரண்டு பலகைகள் தேவை. இரண்டுக்கும் இடையிலான கோணம் 100 பாகை இருக்கட்டும். அப்போது ஒவ்வொரு பலகையும் கிடைமட்டத்திலிருந்து 40 பாகை சாய்ந்து நிற்கும். 90 பாகைக்கும் மேல் திறக்க மறுக்கும் நூல்கள் உண்டு என்பதால், பலகைகளின் பின்புறம் கீல் வைத்து, முட்டுக்கட்டைகளின் இடத்தை மாற்றிக் கோணத்தைக் குறைக்க வழிசெய்து கொள்வது நல்லது. கோணத்தைக் குறைத்த நாளில் கீழே சொல்லப்போகும் கண்ணாடி பொருந்தாது. அந்த நூல்களைக் கண்ணாடி இல்லாமலேயே எடுக்க வேண்டும்.

இரண்டு பலகைகளும் அடியில் ஒட்டியிருக்கக் கூடாது. நூலின் முதுகு இறங்கி அமர்வதற்கு, மெலிந்த நூலுக்கு 1 செ.மீ. முதல் தடித்த நூலுக்கு 8 செ.மீ. வரை விரியக்கூடிய இடைவெளி வேண்டும். பலகைகளைத் தாங்கும் இரு சட்டங்களிலும் நீளத் துளையிட்டு நட்டு போல்ட்டால் இறுக்கினால், ஒவ்வொரு நூலுக்கும் ஏற்ப இடைவெளியை மாற்றலாம். இதைவிட முக்கியமானது, முழுத் தொட்டிலையும் மேசை இழுப்பறைகளில் பொருத்தும் சேனல்களின் மேல் அமர்த்தி, இடமும் வலமுமாக நகரவிடுவது. முதல் பக்கத்தில் இடப்பக்கம் மெலிந்தும் வலப்பக்கம் தடித்தும் இருக்கும் நூல், பக்கங்கள் திரும்பத் திரும்ப மாறிக்கொண்டே வரும். அதற்கேற்ப முதுகும் இடம் மாற வேண்டும். தொட்டில் அசையாமல் இறுக்கப்பட்டிருந்தால் அந்த மாற்றத்தைத் தையல்தான் தாங்க வேண்டியிருக்கும். சேனலின் மேல் இருந்தால், கண்ணாடி இறங்கும்போது தொட்டில் தானே நகர்ந்து நடுவில் வந்து நிற்கும். இந்த ஒரு பகுதிக்காக எத்தனை நாள் செலவழித்தாலும் தகும் என்பது என் கருத்து.

பலகைகளின் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கி, மேற்பரப்பில் சாயம் போகாத மெல்லிய பருத்தித் துணியை இழுத்துப் பொருத்தவும். வார்னிஷ் பூசியிருந்தால் அதன் வாடை முற்றிலும் அடங்கும்வரை நூலை அதில் வைக்க வேண்டாம்.

கண்ணாடி

பக்கங்களைச் சமதளமாக்க, தொட்டிலின் கோணத்துக்குச் சரியாகப் பொருந்தும் வி வடிவக் கண்ணாடிச் சட்டம் மேலிருந்து இறங்க வேண்டும். பலரும் எடை குறைவு என்பதற்காக அக்ரிலிக் தகட்டைப் பரிந்துரைப்பார்கள். சிதைந்த நூலுக்கு அது பொருந்தாது. அக்ரிலிக் எளிதில் நிலைமின்னூட்டம் பெறும். உயர்த்தும்போது தாளின் உடைந்த செதில்களையும் எழுத்தோடு சேர்த்து ஒட்டி எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். துடைக்கத் துடைக்க மின்னூட்டம் கூடுவதோடு கீறலும் விழும். 3 மி.மீ. சாதாரணக் கண்ணாடியே சிறந்தது.

கண்ணாடியின் குறை எடைதான். அதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். 30 செ.மீ.க்கு 40 செ.மீ. அளவும் 3 மி.மீ. கனமும் உள்ள ஒரு தகட்டின் பருமன் 360 கன செ.மீ.; கண்ணாடியின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறத்தாழ 2.5 கிராம் என்பதால் எடை 900 கிராம். இரண்டு தகடும் 1.8 கிலோ, சட்டத்தோடு சேர்த்தால் இரண்டரை கிலோவைத் தொடும். பொடியும் தாளின் மேல் இதை அப்படியே இறக்கக் கூடாது. எனவே சட்டத்தைக் கயிற்றில் கட்டி, மேலே உள்ள இரண்டு கப்பிகளின் வழியாக மறுபுறம் எதிர்எடையைத் தொங்கவிட வேண்டும். சட்டத்தை முழுமையாகச் செய்து முடித்தபின் தராசில் நிறுத்து, அதைவிட 200 கிராம் குறைவாக எதிர்எடையை வைத்தால், பக்கத்தின் மேல் விழும் பாரம் அந்த 200 கிராம் மட்டுமே. அதுவும் இரண்டு பக்கங்களிலும் பரவி விழும். இதோடு, செங்குத்து வழிச்சட்டத்தில் ஒரு தடுப்பு முளையைப் பொருத்தி, கண்ணாடி தாளைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் உயரத்தில் நிறுத்திக்கொள்ளும் வசதியும் இருக்கட்டும். மிகவும் நலிந்த நூல்களுக்கு நான் அந்த முளையை நம்பியே வேலை செய்கிறேன்.

இரண்டு தகடுகளும் அடியில் சந்திக்கும் விளிம்புதான் நூலின் உள்மடிப்புக்குள் இறங்கும் பகுதி. அதைக் கண்ணாடிக் கடையிலேயே சாய்வாகத் தீட்டி வழவழப்பாக்கித் தரச் சொல்ல வேண்டும். கூர் இருந்தால் அது தாளை அறுக்கும். தகடுகளை இரு முனைகளிலும் அலுமினியக் கோணச்சட்டத்தால் பிடித்துக்கொள்வதே போதுமானது. ஒட்டியே ஆக வேண்டும் என்றால், காயும்போது காடி வாடை வீசும் சிலிக்கான் பசையைத் தவிர்க்கவும்; அந்த வாடை அசெட்டிக் அமிலம்.

கேமராவும் விளக்கும்

ஒரே கேமராவைக் கொண்டு முதலில் வலப்பக்கங்கள் அனைத்தையும் எடுத்து, பிறகு நூலைத் திருப்பி வைத்து இடப்பக்கங்களை எடுப்பது செலவு குறைந்த முறை. ஆனால் அந்த முறையில் ஒவ்வொரு தாளும் இருமுறை திரும்புகிறது. உடையும் தாளுக்கு ஒவ்வொரு திருப்பலும் ஓர் ஆபத்து என்பதால், ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு பழைய கேமராக்களை வாங்குவது, ஒரே ஒரு புதிய உயர்தரக் கேமராவை வாங்குவதைவிட நூலுக்கு நல்லது. இடப்புறக் கேமரா வலப்பக்கத்தையும், வலப்புறக் கேமரா இடப்பக்கத்தையும் நோக்கும்.

எத்தனை பிக்சல் தேவை என்ற கேள்விக்கும் கணக்கே விடை தரும். அச்சு நூலுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது கீழ்வரம்பு. எழுத்து சிறிதாகவோ தேய்ந்தோ இருந்தால் 400 வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000க்கு 4000 பிக்சல் கொண்டது. 22 செ.மீ. உயரமுள்ள பக்கத்தைச் சுற்றிலும் இடம்விட்டு, படத்தின் நீளப்பக்கம் 26 செ.மீ.யை அடக்குமாறு வைத்தால், அங்குலத்துக்கு 580 பிக்சலுக்கும் மேல் கிடைக்கிறது. 12 மெகாபிக்சல் கேமராவிலும் அதே பக்கத்துக்கு 390 அளவில் கிடைக்கும். ஆகவே பழைய கேமராவை ஒதுக்க வேண்டியதில்லை. கைபேசியின் அகலக்கோண வில்லையைப் பக்கத்துக்கு மிக நெருக்கத்தில் வைத்தால் ஓர எழுத்துகள் இழுபடும். ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவு உணரி (ஒளியைப் பதியும் சில்லு) உள்ள கேமராவில் 50 மி.மீ. வில்லையைப் பொருத்தினால், மேலே சொன்ன பக்கத்துக்குச் சுமார் 60 செ.மீ. தொலைவு தேவைப்படும். கேமராவைத் தாங்கும் கையை அதற்கேற்ப நீட்டிக்கொள்ளவும்.

வில்லையின் அச்சு பக்கத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இதைச் சரிபார்க்கக் கோணமானி தேவையில்லை. முகம் பார்க்கும் சிறிய கண்ணாடி ஒன்றைப் பக்கம் இருக்கும் தளத்தின் நடுவில் ஒட்டவைத்து, கேமராத் திரையில் பாருங்கள். வில்லையின் பிம்பம் படத்தின் நட்டநடுவில் தெரிந்தால் கோணம் சரி. விலகித் தெரிந்தால் அந்தத் திசையைக் கொண்டே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துத் திருத்தலாம். இதே காரணத்தால் கேமராவின் பிம்பம் மேல்கண்ணாடியிலும் விழும் என்பதை மறக்க வேண்டாம். கறுப்பு அட்டை ஒன்றில் வில்லை நுழையும் அளவுக்கு வட்டம் வெட்டி, கேமராவின் முன் மாட்டினால் அது மறையும்.

விளக்கு, தொட்டிலின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே, முதுகுக்கு இணையாக நீண்டு தொங்கட்டும். அந்த இடத்திலிருந்து வரும் ஒளி இரு கண்ணாடிகளிலும் பட்டுத் தெறிக்கும் திசை, வில்லை பார்க்கும் திசைக்கு விலகியிருக்கும். நிறங்களைச் சரியாகக் காட்ட, நிறக்காட்டுக் குறியீடு (சிஆர்ஐ) 90க்கு மேல் உள்ள எல்இடி பட்டை விளக்கைத் தேர்ந்தெடுக்கவும். சன்னல் வெளிச்சத்தைத் திரையிட்டு மறைத்துவிட வேண்டும். இரண்டு வகை ஒளி கலந்தால் ஒரே நூலின் பக்கங்கள் காலையில் ஒரு நிறமும் மாலையில் வேறு நிறமுமாக வரும். மலிவான எல்இடி விளக்குகள் மின்னோட்டத்துக்கேற்ப விட்டுவிட்டு ஒளிர்வதால் படத்தில் வரிவரியாக நிழல் விழக்கூடும். ஷட்டர் வேகத்தை 1/30 நொடி அல்லது அதற்கும் மெதுவாக வைத்தால் அது மறையும். வேலை இல்லாத நேரத்தில் விளக்கை அணைத்துவிடவும். ஒளியும் தாளைப் பழுப்பாக்கும்.

நூலைத் தொடுமுன்

ஈரமாக இருக்கும் நூலையும், தொட்டால் மேலே எழும்பும் பூஞ்சைத் தூள் உள்ள நூலையும் கருவியில் வைக்கவே கூடாது. காற்றோட்டமான நிழலில் உலரவிட்டு, என்95 முகக்கவசமும் நைட்ரைல் கையுறையும் அணிந்து தனியாகக் கையாள வேண்டும். இல்லையேல் அந்தப் பூஞ்சை அடுத்த நூலுக்கும் உங்கள் நுரையீரலுக்கும் போகும். பூஞ்சை இல்லாத நூலுக்குக் கையுறை வேண்டாம். நன்றாகக் கழுவி உலர்ந்த வெறுங்கையே போதும். பருத்திக் கையுறை தாளின் கிழிந்த நுனியில் மாட்டி இழுக்கும், விரலுக்குத் தாளின் உணர்வும் தெரியாது. தூசியை மென்தூரிகையால் உள்விளிம்பிலிருந்து வெளிநோக்கித் தள்ளவும். முன்பு யாரோ ஒட்டிய செலோடேப்பைப் பிரிக்க முயல வேண்டாம். அதனோடு எழுத்தும் வந்துவிடும். நீங்கள் புதிதாக ஒட்டவும் வேண்டாம்.

கழன்று கிடக்கும் தாள்களைப் பக்க எண் வரிசையில் அடுக்கி, தொட்டிலில் சேர்க்காமல் தனியே சமதளத்தில் வைத்து எடுப்பதே பாதுகாப்பு. உதிர்ந்த துண்டுகளை, எந்தப் பக்கத்துக்கு அருகில் கிடைத்தன என்று எழுதிய உறைகளில் இட்டு வைக்கவும். செல்லரித்து ஓட்டை விழுந்த தாள்களில் அடுத்த பக்கத்தின் எழுத்து ஓட்டை வழியே எட்டிப்பார்த்துப் படிப்பவரைக் குழப்பும்; அவற்றின் அடியில் எழுத்தில்லாத கறுப்புத்தாள் ஒன்றைச் செருகிவிட்டு எடுத்தால், ஓட்டை ஓட்டையாகவே தெரியும். மெல்லிய தாளில் மறுபக்க மை ஊடுருவித் தெரிவதும் இதனால் பெருமளவு குறையும்.

படமெடுத்தல்

கேமராவின் தானியங்கு வசதிகள் அனைத்தையும் நிறுத்திவிடவும். வில்லையின் துளை எஃப்/8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100, வெள்ளைச் சமநிலை நிலையான ஒரே அளவு. குவியத்தை (ஃபோகஸ்) முதல் பக்கத்தில் சரிசெய்து பூட்டிவிட வேண்டும். கண்ணாடி ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே தளத்தில் நிறுத்துவதால் குவியத்தை மீண்டும் தொட வேண்டிய தேவை வராது. கேமரா திருத்தாத மூலத்தரவான ரா (RAW) கோப்பாகப் பதிவுசெய்வது நல்லது. நூலைத் தொடங்குமுன், வெறும் வெள்ளைத்தாளை இருபுறமும் வைத்து ஒரு படமும், சாம்பல்நிற அட்டையையும் அளவுகோலையும் வைத்து இன்னொரு படமும் எடுத்துக்கொள்ளவும். முதல் படத்தைக் கொண்டு ஒளி எங்கே கூடியும் குறைந்தும் விழுந்தது என்பதைப் பின்னால் திருத்தலாம். இரண்டாவது, நூலின் உண்மையான நிறத்துக்கும் அளவுக்கும் சான்றாக இருக்கும்.

பக்கத்தைத் திருப்பும் முறையைத்தான் நான் மிக மெதுவாகக் கற்றுக்கொண்டேன். மூலையைப் பிடித்து இழுத்தால் மூலை மட்டும் கையோடு வரும். எச்சில் தொட்டுத் திருப்பினால் ஈரம் பட்ட இடம் பிய்ந்துவிடும். வழவழப்பான மெல்லிய அட்டை ஒன்றை வெளிவிளிம்பின் நடுவிலிருந்து மெதுவாக அடியில் நுழைத்து, தாளின் முழு அகலத்தையும் அட்டை தாங்கியபிறகு, அட்டையையும் தாளையும் ஒன்றாகவே மறுபுறம் சாய்க்க வேண்டும். தாள் மறுபுறம் படுத்தபின் அட்டையை உருவிக்கொள்ளலாம். இரண்டு பக்கங்கள் ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள். ஒட்டியுள்ளன என்று குறித்துவிட்டு மேலே செல்லுங்கள். நல்ல நிலையில் உள்ள நூலை மணிக்கு நானூறு பக்கம்கூட எடுக்கலாம். நான் சொல்லும் நூல்களில் அறுபது பக்கம் முடிந்தாலே அது நல்ல நாள்.

இருபது பக்கங்களுக்கு ஒருமுறை நிறுத்தி, எடுத்த படங்களைக் கணினித் திரையில் முழு அளவில் பார்க்கவும். குவியம் நழுவியது, தூசி விழுந்தது, ஒரு தாள் விடுபட்டது எல்லாம் அப்போதே தெரிந்தால், நூலை மறுபடி முதலிலிருந்து திறக்கும் துன்பம் இல்லை.

கோப்புகள்

இரண்டு கேமராக்களின் படங்களும் தனித்தனி நினைவக அட்டையில் இருக்கும். வலப்பக்கத்துக்கு 0001, 0003 எனவும் இடப்பக்கத்துக்கு 0002, 0004 எனவும் பெயரிட்டு ஒன்றாக்கினால் வரிசை அமைந்துவிடும். முந்நூறு பக்க நூலுக்கு, ரா கோப்பு ஒன்றுக்கு 30 மெகாபைட் என வைத்தாலும், 9 ஜிகாபைட் ஆகும். இந்த மூலப் படங்களில் எதையும் திருத்தவோ நீக்கவோ கூடாது. திருத்தங்கள் எல்லாம் நகல்களிலேயே நடக்கட்டும்.

சாய்வை நிமிர்த்தவும் ஓரங்களை வெட்டவும் பக்கங்களை ஒரே அளவாக்கவும் ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருள் போதுமானது. அதில் ஒரு வசதியைப் பற்றித் தமிழ் நூல்களை எடுப்பவர்களுக்குத் தனியே சொல்லியாக வேண்டும். கறைப்புள்ளிகளைத் தானாக அகற்றும் வசதி, மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளியையும் கறை என்றே எண்ணி அகற்றிவிடும். 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். பக்கம் பார்க்கத் தூய்மையாகத்தான் இருக்கும், பிழை நடந்த தடமே தெரியாது. அதை அணைத்து வைப்பதே சரி. படத்தை முழுக்கறுப்பு, முழுவெள்ளை என இரண்டே நிறமாக மாற்றுவதிலும் இதே ஆபத்து இருக்கிறது. தேய்ந்த அச்சில் மெல்லிய கோடுகள் மறைந்துபோகும். வண்ணத்திலோ சாம்பல் நிறத்திலோ வைத்திருங்கள்.

படத்திலுள்ள எழுத்தைத் தேடவும் திருத்தவும் கூடிய கணினி எழுத்தாக மாற்றும் எழுத்துணரிக்கு டெஸராக்ட் உள்ளது. எச்பி நிறுவனத்தில் 1980களில் உருவாகி 2005இல் திறந்த மூலமாக்கப்பட்ட இம்மென்பொருள் தமிழையும் படிக்கும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு அச்சான நூல்களில் ணா, றா, னா, லை, னை போன்றவை பழைய வடிவில் இருப்பதால் அங்கே அது தடுமாறக்கூடும். அந்த வரிகளைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். உணரப்பட்ட எழுத்தைப் படத்தின் அடியில் மறைத்து வைத்து, நெடுங்காலச் சேமிப்புக்கென வகுக்கப்பட்ட பிடிஎஃப்/ஏ வடிவில் படிப்புப் பிரதியைச் செய்யலாம். அதைப் பிறருக்குத் தருமுன் அந்த நூலின் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதா என்று பார்க்கவும்.

மூலப் படங்களுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும், அதன் கைரேகை போன்ற ஷா-256 சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு ஓர் உரைக்கோப்பில் வைத்து, ஆண்டுக்கொருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்; வன்தட்டில் ஒரு பிட் மாறியிருந்தாலும் அது காட்டிக்கொடுக்கும்.

படமெடுத்து முடித்த நூலை ரப்பர் பட்டையால் கட்ட வேண்டாம். அது காலப்போக்கில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். அமிலமற்ற தாளில் சுற்றி, அகலமான பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, உதிர்ந்த துண்டுகள் உள்ள உறைகளையும், படமெடுத்த தேதியையும் விடுபட்ட, ஒட்டியிருந்த பக்கங்களின் எண்களையும் பென்சிலால் எழுதிய தாளையும் உடன் சேர்த்து, பெட்டியில் படுக்கைவாட்டில் வைக்கவும்.